ஆர்ட்டின் ஏழு

இன்று காலை டிக்கெட் பரிசோதகரிடம் சீசன் டிக்கெட்டை நீட்டினேன். கூடவே, கல்யாணப் பத்திரிகை அட்டையில் நீ வெட்டிய சீட்டும் போய்விட்டது. ஓரத்தில் மஞ்சள் இன்னும் இருக்கிறது மச்சான்.

"இது இன்னா?"

"ஆர்ட்டின் ஏழு சார்."

அசல் ஏழு மீனம்பாக்கத்தில் ஜன்னல் வழியாகப் பறந்தது. உபயம் அடியேன். தாம்பரத்தில் நாம் இருவரும் ஏறி இடம் பிடிப்போம். குரோம்பேட்டைக்காரரும் பல்லாவரத்துக்காரரும் வழியில் வந்து சேர்வார்கள். மடியில் பேப்பர் விரித்து, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு போட்டு, பீச் ஸ்டேஷன் வரை கழுதை ஆட்டம். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவன் கழுதை. பெரும்பாலும் நான்.

"ஐம்பத்திரண்டுல ஒண்ணுதானே போச்சு" என்றேன்.

"உன் பொண்ணு பிளஸ் டூதானே? கேட்டுக்கினு வா" என்றாய்.

பத்தாவதில் கணக்கைத் தொட்டும் தொடாமலும் தாண்டியவனுக்கு அவள் பொறுமையாகச் சொன்னாள். எது முன்னால் வந்தது என்று பார்க்காமல் பதின்மூன்று சீட்டு எடுத்தால், அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல் விதவிதமான கைகள் அமையுமாம்.

"ஒரு சீட்டு போனா கால்வாசி கை போயிடும்பா."

"ஒண்ணு போனதுக்கா?"

"அந்த ஏழு உங்க நாலு பேர்ல ஒருத்தர் கைக்குத்தானே வரும்? அப்போ நாலுல ஒரு பங்கு கை அதோட வர்றது. அதெல்லாம் இனிமே வராது."

மறுநாள் நீ அட்டையை வெட்டிக்கொண்டு வந்தாய். "இந்தா, கால்வாசி. இத்தினி கோடியில உனக்கு மட்டும் கழுதைக் கையா பொறுக்கினு வருது."

போன மாதம் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறினாய். அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. உனக்குப் போடும் மாலைக்குப் பேரம் பேசினேன். ரயிலில் ஏறியதும் உன் இடத்தில் பையைப் போடுகிறேன். பல்லாவரம் தாண்டித்தான் எடுக்கிறேன்.

போன வாரம் குரோம்பேட்டைக்காரர் கேட்டார். "கட்டை எடுங்க சார். உங்க பக்கத்துல வந்து உக்காந்தவரை நாலாவது ஆளா சேர்த்துக்கலாமா?"

"மூணு பேரே போதும் சார்."

உன் ஏழை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மீதியைப் போட்டேன். ஒரு சீட்டாவது மிஞ்சும் என்று நினைத்தேன். ஆளுக்குப் பதினேழு. சரியாக வந்துவிட்டது.

கிண்டிக்குள் நான்தான் கழுதை. யாரும் சிரிக்கவில்லை.