பதினொன்றாவது மனு

ஆகஸ்ட் 12, செவ்வாய். கிள்ளான், மலேசியா.

என் மனைவி சரோஜா இந்த நாட்டில் பிறந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அறுபத்து மூன்று வயதிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை கேட்டு இன்று பதினொன்றாவது மனுவைக் கொடுத்தேன். பதிவு இலாகா கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் படித்துப் பார்த்தாள்.

"லெட்டர் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா ஆன்டி பொறந்தப்போ கூட இருந்தவங்க வந்து சத்தியம் பண்ணணும்லா. யாரும் இல்லையா?"

சரோஜா பிறந்தபோது பிரசவம் பார்த்த முனியம்மாக்கா இருந்தார். சாட்சி சொல்ல வருவதாக இருமுறை சொல்லியனுப்பினார். அவர் மகனோடு கோயில் கமிட்டியில் எனக்குச் சண்டை. அந்த வீட்டுத் தயவு வேண்டாம், மனு எழுதியே வாங்குவேன் என்றேன். இந்த வருடம் தைப்பூசத்துக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

விடாதே என்கிற பழமொழியும் தெரியும், வழியை மாற்று என்கிற பழமொழியும் தெரியும். முதலாவதை மட்டுமே சரோஜாவிடம் சொல்லிவந்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்களா அக்காகிட்ட போவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."



பிரசவத்தன்று முனியம்மாக்காவின் தங்கையும் கூட இருந்தாராம், சரோஜா சொன்னாள். ரவாங்கில் இருக்கிறார். விலாசம் அந்த மகனுக்குத்தான் தெரியும். சரோஜா அவன் நம்பரை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இரண்டு முறை போனைக் கையில் எடுத்து, அழைக்காமல் கீழே வைத்தேன்.