அடிக்குறிப்பில் ஒரு நன்றி

நூலாசிரியர் ஆகிவிட்ட நண்பனுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டையில் இயற்பியல் பேராசிரியர் வேதமுத்துவின் படம். கீழே கொட்டை எழுத்தில் உன் பெயர். 1913இல் ஜவ்வாது மலையேறி, உயரம் கூடக்கூடத் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அளந்தவர் அவர். அவருடைய நோட்டைக் கண்டெடுத்தவன் நான். நானே எழுத வேண்டும் என்று முப்பது வருடம் பீரோவில் வைத்திருந்தேன். நீ கேட்டாய் என்று என் கையாலேயே பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பத்தூரில் உனக்குச் சால்வை போட்டார்களாம். கால் வலி, வரவில்லை.

நேற்று அதே காலோடு மலைக்குப் போனேன், உன் புத்தகத்தில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்கத்தான். அவர் அளந்த இடத்துக்குப் பக்கத்தில் சாந்தம்மாள் என்பவர் டீக்கடை வைத்திருக்கிறார். கொதிக்கும் தண்ணீரில் நான் தெர்மாமீட்டரை விட்டதும் சிரித்துவிட்டார்.

"நீங்களுமா சார்? போன வருசம் ஒருத்தர் வந்தாரு. டீ வேணாம், தண்ணி மட்டும் கொதிக்க வைங்கன்னாரு. மூணு நாளும் இதே வேலை. இன்னா மனுசங்களோ!"

97.6 காட்டியது. நோட்டிலும் அதுதான், உன் புத்தகத்திலும் அதுதான். நான் எடுத்துக் கொடுத்த பிரதியில் மட்டும் 96.7.

'பிரதி எடுத்த நண்பரின் பார்வைக் கோளாறால் நேர்ந்த பிழை. நேரில் அளந்து திருத்தியுள்ளேன். அவருக்கு என் நன்றி' என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறாய். அந்த நன்றியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம்தான் கண் டாக்டரிடம் காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

கண்ணாடி போடாமலே இதை எழுதும்,
உன் பழைய நண்பன்