பின்பக்கம் வெட்டிய மவுத்கார்டு

கிழக்குத் தாம்பரம்
12 ஜூன் 1991

அன்பு மகள் சாராளுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் நம்பவில்லை. அதனால்தான் லீட்ஸில் உன் வீட்டு விலாசத்தை விட்டு, நீ நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேன். நீ அனுப்பிய ஈஸ்டர் போட்டோவை முதலில் பார்த்தவள் வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மா. "இன்னாம்மா, பாப்பா மூஞ்சி இப்டி கீது? பல்ல கடிச்சிகினு நிக்கிற மாதிரி" என்றாள். உன் வேலையைப் பார் என்று அதட்டிவிட்டு, அவள் போனபின் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். தாடை இரண்டு ஓரமும் புடைத்து நிற்கிறது. பிரசங்க நேரத்தில்கூட வாய் மூடாத பெண் நீ, உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிக்கிறாய்.

அதன்பின் உன் கடிதம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாயாம், மாப்பிள்ளை விளையாட்டுச் சாமான் கடையில் ஹாக்கி ஆடுகிறவர்கள் பல்லுக்கு உறையாகப் போடும் மவுத்கார்டு வாங்கித் தந்தாராம், குமட்டுகிறது என்றதும் பின்பக்கத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டாராம். இப்போது காலையில் வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறப்பதில்லை, காதோரம் டக்கென்கிறது என்று போகிறபோக்கில் எழுதுகிறாய். நான் குரோம்பேட்டை பல் டாக்டர் வைத்தீஸ்வரனிடம் போய்க் கேட்டேன். மடித்த அட்டையை என் முன்பல்லில் மட்டும் வைத்துக் கடிக்கச் சொல்லி, காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். எலும்பு மேலேறுவது விரலுக்கே தெரிந்தது. இரண்டு பக்கப் பின்பல்லிலும் வைத்துக் கடித்தபோது அப்படி ஏறவில்லை. "பின்பல்லுக்குத் தாங்கல் இல்லேன்னா பாரமெல்லாம் அந்த மூட்டுலதாம்மா விழும். எல்லாப் பல்லும் சமமாப் படுற மாதிரி அளவெடுத்துச் செய்யணும். வெட்டினவர் டாக்டரா?" என்றார். இல்லை, டாக்டர்களுக்கே பாடம் சொல்லுகிற என் மாப்பிள்ளை என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்காமல், "கார்டு பல்லைத்தான் காப்பாத்தும்மா. பொண்ணு எதை அடக்கிட்டு கடிக்குதுன்னு கேளுங்க" என்றார்.

ஆகையால் கேட்கிறேன். எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "தூங்குறா அத்தை", "குளிக்கிறா அத்தை". இவ்வளவு தூங்கி இவ்வளவு குளிக்கிற நர்ஸை நான் கேள்விப்பட்டதில்லை. புது வருஷ ஆராதனைக்குப் பிறகு உன் குரலே என் காதில் விழவில்லை. பிறரைச் சந்தேகிப்பது பாவம் என்று கான்வென்டில் மதர் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு மகள் இல்லை.

அந்தக் கார்டை இனி வாயில் வைக்காதே. அங்கேயே நல்ல டாக்டரிடம் அளவு கொடு, தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, கடினமானதைக் கடிக்காதே. தேவனுடைய கை உன் தலைமேல் இருக்கட்டும். என் சந்தேகம் தப்பென்றால் நீயே போனில் சொல், மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தப்பில்லையென்றால் நீ ஒன்றும் எழுத மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். எழுத வேண்டாம். வெட்டின கார்டை மட்டும் ஒரு கவரில் போட்டு அனுப்பு. அது வந்த அன்றே எல்லம்மாவை இங்கே உன் அறையைக் கழுவிக் கட்டில் போடச் சொல்வேன்.

உன் அம்மா,
லில்லி அசரியா