பல் பட்ட காசு

அண்ணா,

பழைய காசு வாங்குகிறேன் பேர்வழி என்று இணையத்தில் நான் ஏமாறுவது ஊரறிந்த கதை. ஒருவன் வெள்ளி என்று ஈயம் அனுப்பினான். இன்னொருவன் சட்டைப் பொத்தானையே அனுப்பினான். இன்று வந்த காசின் ஓரத்தில் ஒரு பள்ளம். மருமகன் பெயரில் இருக்கும் கணக்கிலிருந்து, "யோவ், பள்ளத்தப் படத்துல மறைச்சிட்டியே?" என்று விற்றவரைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

"மன்னிச்சிடுங்க சார், அது எங்க வீட்டுக் குரங்கு கடிச்சது. தம்பின்னு பேரு."

உடனே பள்ளத்தில் என் முன்பல்லை வைத்துப் பார்த்தேன். கச்சிதம். அப்பா நமக்குக் கொடுத்து, நான் கடித்துவைத்த அதே காசு.

பதினோரு வருடம் பேசாத நான், ஏன் விற்கிறாய் என்று கேட்கமாட்டேன். திருப்பி அனுப்பும் காரணம் என்ற கட்டத்தில் "இது விற்கும் பொருள் அல்ல" என்று எழுதினேன். திருப்பி அனுப்ப உன் முகவரி வந்துவிட்டது. கூரியர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். கதவைத் திற.

இப்படிக்கு,
உன் வீட்டுக் குரங்கு