தோல் தேறும்வரை

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். கடலில் நீங்கள் நலமா?

அடுத்த வாரம் ஆபரேஷன். மார்பை எடுக்கும்போதே புதிதாக ஒன்றை அமைத்துவிடலாமா என்று கேட்டேன். "செய்யலாம்மா. ஆனா உனக்கு அப்புறம் கதிர்வீச்சு உண்டு. அது பட்டா புதுசு இறுகிச் சுருங்கிடலாம். எல்லாம் முடிஞ்சு தோல் தேறட்டும். வயித்துச் சதையை எடுத்துவெச்சா நல்லா நிக்கும்" என்றார் டாக்டரம்மா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரயில் நிலையத்து மைக்கில் தினமும் "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்பவளுக்குத் தாமதம் புதிதா? பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

உங்கள் வாயாடி

மார்ச் 2

என் வாயாடிக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று உன் அக்கா சொன்னார். கையோடு அதையும் செய்திருக்கலாமே.

உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கும் இதே நோய், இதே ஆபரேஷன். எனக்கு எட்டு வயது. குளியலறையிலிருந்து "துண்டை எடுத்துக் குடுடா" என்றாள். கதவு திறந்திருந்தது. பார்த்ததும் ஓடிவிட்டேன். கண்ணை மூடினால் இன்னும் கூப்பிடுகிறாள்.

கப்பல் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டேன். நீ பழையபடி ஆனதும் வருகிறேன்.

உன் அத்தான்

மே 19, மறு வருஷம்

அன்புள்ள அத்தானுக்கு,

கதிர்வீச்சு முடிந்து எட்டு மாதம். தோல் தேறிவிட்டது. ஜூன் கடைசியில் ஆபரேஷன்.

இல்லாத இடம் அரிக்கிறது. சொறியப்போனால் விலா எலும்பு. சில நாள் பால் கட்டியதுபோல் கனக்கிறது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஈரத்தோடு நின்ற அத்தையை நினைத்துக்கொள்கிறேன். கடைசியில் யார் துண்டு கொடுத்தார்கள்?

புதியதை எனக்காகத்தான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அதற்கு முன்னால் வாருங்கள். ஒருமுறை இப்படியே என்னைப் பாருங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் வாயாடி

ஜூன் 10

என் வாயாடிக்கு,

லீவு கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். அதற்குள் கட்டும் பிரித்துவிடுவார்கள். நடுவில் வந்து நான் என்ன செய்யப்போகிறேன், சொல்? துறைமுகத்தில் ஒரு தையல்காரரிடம் உன் பழைய அளவிலேயே பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கோபிக்காதே.

உன் அத்தான்

ஜூலை 28

அத்தான்,

கட்டுப் பிரித்தாயிற்று. நன்றாக அமைந்திருக்கிறதென்று டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். திரும்புவதாக இல்லை. சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகும், இறுக்கித் திருகுங்கள்.

இப்படிக்கு,
ரயில் நிலைய அறிவிப்பாளர்