அக்காளின் சொம்பு

அன்புள்ள சேர்மன் மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார்.

நீ அனுப்பிய ஆள் வந்தான். “ஆபீசர் விசாரிச்சா, கோயில் சோத்துல வந்த காலரானு சொல்லீருங்க. இல்லீன்னா சேர்மனுக்குப் பதவி போயிருமுங்க” என்றான்.

ஆஸ்பத்திரியில் இடமில்லையென்று காலராக்காரர்களை எங்கள் முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது நீ. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன நோய் என்று எங்களிடம் மூச்சுவிடக் கூடாது என்றாயாமே!

பிள்ளையில்லாத எங்களை இங்கே சேர்த்தவனும் நீதான். உன் அக்காளைத் தெரியாதா? வந்தவர்களை விருந்தாளிகள் என்றே நினைத்தாள். “வாங்க சாமி, மொதல்ல தண்ணி குடிங்க” என்று சொம்பை நீட்டினாள். அண்ணாந்து குடிக்கத் தெம்பில்லாமல் அவர்கள் வாய் வைத்தே குடித்தார்கள். அதே சொம்பைப் பானைக்குள் விட்டு மொண்டு அவளும் குடித்தாள்.

அவளையும் காலரா கொண்டுபோயிற்று. பிறந்த வீட்டுக் கோடித் துணியை நீதான் வந்து அவள்மேல் போர்த்தினாய். அன்றும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வருகிறார். நடந்ததைத்தான் சொல்லுவேன். அதற்கு முன்னால் வந்து நீயே சொல்லிவிடு, மாப்பிள்ளை. வந்தால் வாசலில் நிற்கவைத்துப் பேச மாட்டேன். அவள் சொம்பு இங்கேதான் இருக்கிறது. முதலில் தண்ணீர் குடி, பிறகு சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்காளின் வீட்டுக்காரன்