பலா மரத்துக்குத் திரும்பிய செடி

சித்தேரி
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை

அன்பு மகள் மேனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் சுகம். அந்த அசாம் சீமையில் உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று தீர்த்தமலை ஈஸ்வரனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பஸ் திரும்புகிற மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், நான் சொல்ல வந்ததோ அவரைப் பற்றியது. இந்த வருஷம் மழைக்குக் குறையில்லை, சாமை நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அதற்குப் பெயர் வைக்க உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று உன் அப்பா பிடிவாதமாக இருப்பதால் அது இன்னும் பெயரில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கிறது.

சித்திரையில் நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, உன் பேங்கில் வேலை செய்யும் பெண்கள் அவர்கள் வருஷப் பிறப்புக்கு உன் கொண்டையில் ஒரு பூவைச் செருகிவிட்டார்கள் என்று. வெள்ளையும் ஊதாவுமாக நரிவால் மாதிரி தொங்குகிற ஆர்க்கிட் பூ. நம்ம வூட்டுப் பலா மரத்தில் இருக்கிறதும் இதேதாம்மா, மொட்டு வந்துடுச்சான்னு பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டாய். நல்லா இருக்குது கண்ணு, ஜம்முனு இருக்குது என்று உன் அப்பா போனில் சொன்னார். அன்றைக்கு அந்தச் செடி குப்பைமேட்டில் கிடந்தது. போன வருஷம் பலா சரியாகக் காய்க்கவில்லை என்று மரத்தைச் சுத்தம் பண்ணப் போனவர், அதைப் புல்லுருவி என்று நினைத்துக் கொடுவாளால் சுரண்டிப் போட்டுவிட்டார். முன்பு புல்லுருவி ஏறித்தான் நம் மாமரம் பட்டுப்போனது, அந்தப் பயம் அவருக்கு. இது மரத்தை உறிஞ்சாதுங்கப்பா, மேல உட்கார்ந்துட்டு மழையும் பனியும் குடிச்சுப் பிழைக்கிறது என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. நீ போட்டோ அனுப்பிய பிறகுதான் மனுஷனுக்கு முகம் செத்துப்போனது.

நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். இலை பாதி இருந்தது, வேர் நசுங்கிக் கிடந்தது. நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே, சட்டி நிறைய மண்ணும் மக்கிய சாணியும் போட்டு நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கேழ்வரகாக இருந்தால் காடு மாதிரி எழுந்திருக்கும். இது மஞ்சளாகி, வேர் அழுகி, நாற்றம் எடுத்துவிட்டது. அப்போது நான் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போனபோது, அது தானாக எங்கே எப்படி இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தரையில் ஒன்றுகூட இல்லை. சொரசொரப்பான பட்டை, காலை வெயில் இலை நடுவே சல்லடையாக விழுகிற கிளை, ஓடையின் ஈரக்காற்று வருகிற பக்கம், அங்கேதான் இருக்கிறது. வேர் பாதி பட்டையைப் பிடித்திருக்கிறது, மீதி சும்மா காற்றில் தொங்குகிறது. மழை பெய்தால் நனைகிறது, கொஞ்ச நேரத்தில் காய்ந்தும்விடுகிறது. சோறு போடுகிறேன் என்று நான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

ஆடி மழை பிடித்ததும் அழுகிய வேரை நறுக்கிவிட்டு, உன் பழைய பள்ளிக்கூடத் தாவணியைக் கிழித்து அதே பலா மரத்துக் கவட்டில் வைத்துக் கட்டினோம். மரம் ஏறிக் கட்டியது உன் அப்பாதான். மழை இல்லாத நாளில் சொம்பும் கையுமாக ஏறித் தண்ணீர் தெளித்துவிட்டு வருகிறார். சென்னப்பன் மரத்துக்குத் தாலாட்டுப் பாடுறான் என்று ஊரில் கேலி. ஆவணி முழுக்க அதில் ஒரு மாற்றமும் இல்லை, செத்ததா இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ போனில் அழுதாய். பாஷை புரியலை, சோறு இறங்கலை, வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடவாம்மா என்று கேட்டாய். வா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உன் அப்பா கூப்பிடு கூப்பிடு என்று ஜாடை காட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், அதற்கு நீ கோபித்துக்கொண்டதும் தெரியும். இவ்வளவு நாள் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், எனக்கே பதில் தெரியவில்லை. நேற்றுக் காலை உன் அப்பா மரத்து மேலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பழைய வேருக்குப் பக்கத்தில் புது வேர், நுனி பச்சைப்பசேல் என்று, பட்டையை ஒட்டி ஊர்ந்திருக்கிறது. விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை கண்ணு.

அதனால் இப்போது சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்து பார். நீ அங்கே போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கொண்டையில் பூ வைத்துவிட்ட அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடு, மீன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவர்கள் பாஷையில் சொல்லக் கற்றுக்கொள். அப்படியும் முடியவில்லை என்றால் புறப்பட்டு வந்துவிடு, இந்த வூட்டில் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். செடிக் கதை உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவர் ஜம்முனு இருக்குது என்றால், சரிங்கப்பா என்று கேட்டுக்கொள். இனி அது பொய்யும் இல்லை.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பொங்கல் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து டிக்கெட் போட்டுவிடு. அதற்குள் வேர் நன்றாகப் பிடித்துவிடும், தாவணிக் கட்டு தேவைப்படாது. அப்போது நான் அவிழ்த்துவிடுகிறேன் என்றால் உன் அப்பா விட மாட்டேன் என்கிறார், அவ வந்து அவிழ்க்கட்டும் என்கிறார். வந்து உன் கையால் அவிழ்த்துவிட்டு, தைரியமாகத் திரும்பிப் போ.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
செ. தீர்த்தம்மாள்